தன்பாத் வண்டி ஏறுமுன்

சௌரிபாளையம்,
கோயம்புத்தூர்.
8.6.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே நானும் பெரியம்மாவும் சுகம். முழங்கால் மட்டும் மழை வரப்போவதை இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி தட்டிவிடாமல் நாலு பக்கம் கையால் எழுதியிருக்கிறாயே, அதற்காகவே ரெண்டு தடவை படித்தேன். பெரியம்மாவும் படித்தாள். "புள்ளைக்கு ஒழுங்கா பதில் எழுதுங்க, பிரசங்கம் பண்ணீராதீங்க" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். நாற்பது வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். பார்ப்போம்.

இன்றைக்கு பெந்தெகொஸ்தே ஞாயிறு. கோயிலில் பிரசங்கம் முழுக்க மிஷனெரி ஊழியம் பற்றித்தான். நம்மில் ஒவ்வொருவரும் மிஷனெரிதான் என்று போதகர் ஐயர் மேசையைத் தட்டிச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். ஆராதனை முடிந்ததும் மிஷனெரிப் பெட்டியில் ஆளுக்கு இருபது, ஐம்பது போட்டுவிட்டு, மழைக்கு முன்னால் வீடு சேர வேண்டுமே என்று வண்டியை எடுத்தோம். நானும்தான். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. அதனால் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நீ கேட்டிருப்பது ரெண்டு. வீட்டில் எல்லாரும் தடுக்கிறபோது ஒடிசாவுக்குப் போவது சரிதானா என்பது ஒன்று. இன்னொன்று, சுவிசேஷம் சொல்வது ஒவ்வொரு கிறிஸ்தவன் மேலும் விழுந்த கடமை என்றால், ஒரு காலத்தில் ஜீப்பில் ஊர் ஊராகப் போன நீங்கள் ஏன் திடீரென்று நிறுத்திவிட்டீர்கள், அப்பாவைக் கேட்டால் "உங்க பெரியப்பனையே கேளு" என்கிறார் என்பது. முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரெண்டாவதுதான் இழுக்கும்.

உன் அம்மா பயப்படுவதை விசுவாசக் குறைவு என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் பேனாவால் அடித்துவிட்டேன், நீயும் மனசுக்குள் அடித்துவிடு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய ரெண்டு பையன்களையும் ஜீப்புக்குள் வைத்து எரித்த செய்தி வந்தபோது உன் அம்மாவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள். அந்தப் போட்டோவை தினத்தந்தியில் பார்த்துவிட்டு அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. இப்போது பெற்ற மகள் அதே மாநிலத்துக்குப் போகிறேன் என்கிறாள். பயம் வராமல் என்ன செய்யும்? அவளிடம் கிளாடிஸ் அம்மாவைப் பற்றிப் பேசு. கணவனையும் மகன்களையும் இழந்த பிறகும், கொன்றவர்களை மன்னித்தேன் என்று சொல்லிவிட்டு, மயூர்பஞ்ச் குஷ்டரோகிகள் இல்லத்தை விடாமல் 2004 வரைக்கும் அங்கேயே இருந்தவர். அதைச் சொன்னாலும் பயம் போகாது. ஆனால் பயத்தோடேயே உனக்குச் சம்மதம் சொல்ல அவளுக்கு ஒரு வழி கிடைக்கும். எனக்கும் பயம்தான். போ என்றுதான் சொல்கிறேன்.

இனி ரெண்டாவது கேள்வி. அதற்கு நம் தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நமக்குச் சுவிசேஷம் எப்படி வந்தது என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற கதை உனக்குத் தெரியும். லண்டன் மிஷன் சங்கத்தின் அடிஸ் 1830-ல் கோயம்புத்தூர் வந்தார், அதற்கப்புறம் ஈரோட்டில் பிரப் துரை, பாப்ளி துரை. ஈரோட்டில் இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் பிரப் ரோடு என்றால்தான் தெரியும். பிரப் ஆஸ்திரேலியாக்காரர். பாப்ளி இங்கிலாந்துக்காரர், கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டவர். இந்திய சங்கீதத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1921-ல் வந்தது, திருக்குறளிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்தது 1931-ல். சுவிசேஷத்தைக் கதாகாலட்சேபமாகப் பாட்டோடு சொல்ல வேண்டும் என்று அதற்கென்றே 1914-ல் ஒரு கைப்புத்தகமும் போட்டார். நம்மாள்கள் இதையெல்லாம் மறந்துவிட்டு இப்போது கீபோர்டில் ஆஸ்திரேலியப் பாட்டுக்குத் தமிழ் வார்த்தை போட்டுப் பாடுகிறார்கள். அது வேறு கதை, பெரியம்மா திட்டுவாள்.

தாத்தா சிறுபிள்ளையாக இருந்தபோது அவர்கள் வளவுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி அப்படி ஒரு காலட்சேபம் நடந்ததாம். முதல் உலகப் போருக்கு முந்தின காலம். வெள்ளைக்காரர் ஒருத்தர் தமிழ்ப் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் போடுகிறார் என்பதைப் பார்க்கவே கூட்டம். பொம்மை மாதிரி எல்லாரும் கண்கொட்டாமல் நின்றார்களாம். ஆனால் தாத்தா அந்தக் கதையை அதோடு முடிக்கமாட்டார். "பாட்டுப் பாடுனவிய அன்னைக்கி ராவே போயிட்டாங்க. மக்கியா நாளு ஒருத்தரு வந்தாரு" என்பார். அந்த ஒருத்தர் உபதேசியார். தமிழர், வேறு சாதி, தெற்கத்திப் பேச்சு. செருப்புத் தைக்கிற தோல் ஊறிக்கொண்டிருக்கிற தொட்டியைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்து, தண்ணீர் கேட்டாராம். பாட்டையாவுக்குக் கை நடுங்கிவிட்டது. நம் வீட்டுச் சொம்பில் வெளியாள் யாரும் தண்ணீர் குடித்ததில்லை. டீக்கடையில் நமக்குத் தேங்காய்த் தொட்டியில் ஊற்றின காலம் அம்மிணி, அது அதற்கப்புறமும் ரொம்ப வருஷம் இருந்தது. அவர் சொம்பை வாங்கி, அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்துக் குடித்தார். அதைத்தான் தாத்தா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், வாய் வைத்துக் குடித்தார் என்று.

அன்றைக்கு அவர் இயேசுவைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்டிருக்கிறேன். "அது மெதுவாச் சொன்னாரு" என்றார் தாத்தா. அந்த உபதேசியார் பதினொரு வருஷம் அந்த வளவின் ஓரத்திலேயே குடியிருந்து இராப்பள்ளிக்கூடம் நடத்தினார். நம் வீட்டில் பேசுவது தெலுங்கு என்பதால் நம்மாள்களுக்குத் தமிழ் எழுத்து ரெட்டைப் பாடு. அதையும் கற்றுக்கொடுத்தார், அப்படியே தெலுங்கும் கற்றுக்கொண்டார். காலரா வந்தபோது பிணம் தூக்கினார். மூணாவது வருஷம்தான் முதல் ஞானஸ்நானம். பிரப் பெயரில் ரோடு இருக்கிறது, கோயில் இருக்கிறது. இவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை, தாத்தாவுக்கும் "உபதேசியார்" என்பதற்கு மேல் தெரியவில்லை.

இதற்காக நம் சபை புனிதமான சபை என்று நினைத்துக்கொள்ளாதே. சுவிசேஷம் உள்ளே வந்தபோது சாதியும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடவே உள்ளே வந்துவிட்டது. அவிநாசி ரோட்டில் போகும்போது கருமத்தம்பட்டி மாதா கோயில் தெரியுமே, அங்கே 1846-ல் பிஷப்பாக அபிஷேகம் பெற்றவர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர். சாதி வழக்கங்களைச் சபைக்குள் எவ்வளவு தூரம் விடுவது என்ற தகராறில் அவருக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. இங்கத்திய ஆட்களையே குருக்களாக்க வேண்டும் என்பது வேறு அவர் பிடிவாதம். ரோமாபுரிக்கு எழுதி எழுதிப் பார்த்துவிட்டுப் பதவியை விட்டு விலகினார். ஊருக்குப் போய் 1856-ல் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மிஷன் சங்கம் தொடங்கினார். 1859-ல் ஃப்ரீடவுன் போய் இறங்கி ஆறு வாரத்துக்குள் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். கோயம்புத்தூர் சாதியைவிட மஞ்சள் காய்ச்சல் பரவாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ. நம் தாத்தாவையும் ஒரு கோயிலில் கடைசி வரிசைக்கு அப்புறமாகப் பாயில் உட்கார வைத்தார்கள். எந்தக் கோயில் என்று எழுதமாட்டேன். இப்போது அங்கே பாய் இல்லை, எல்லாருக்கும் பெஞ்சுதான்.

சரி, ஜீப் கதைக்கு வருகிறேன்.

1984. எனக்கு முப்பத்தொரு வயசு, கையில் நிரந்தர வேலை, உடம்பில் தெம்பு. சனி, ஞாயிறு ஆனால் ஒரு குழுவோடு கிளம்பிவிடுவேன். ஒரு ஜீப், ஒரு ஜெனரேட்டர், பதினாறு எம்.எம். புரொஜெக்டர், ரெண்டு குழாய் ஸ்பீக்கர். ரெண்டு தென்னைக்கு நடுவில் வெள்ளை வேட்டி கட்டி இயேசு படம் போடுவோம். ரீல் மாற்றுகிற அஞ்சு நிமிஷத்தில் நான் பேசுவேன். கடைசியில் தீர்மானம் எடுப்பவர்களைக் கை தூக்கச் சொல்லி, எண்ணி, டைரியில் எழுதிக்கொள்வோம். ஊர் பெயர், தேதி, எண்ணிக்கை. அந்த டைரி இன்னும் பீரோவில் இருக்கிறது.

பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில் ஒரு ஊர். அங்கே பத்தொன்பது வயசுப் பையன் ஒருத்தன், விசைத்தறியில் வேலை, நம்மாள்தான். கை தூக்கினான். அடுத்த வாரமே ஞானஸ்நானம் வேண்டும் என்றான். குழுத் தலைவர் காத்திருக்கச் சொல்கிறவர் இல்லை. பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், அங்கேயே முழுக்கிக் கொடுத்தார். தலையில் தண்ணீர் தெளிக்கிற சபைக்காரனான நான் கரையில் துண்டோடு நின்றேன். பையன் ஏறிவந்து, பல் தெரியச் சிரித்தான், உதடு குளிரில் நீலமாக இருந்தது. நான் துண்டைக் கொடுத்தேன். டைரியில் "1" என்று எழுதினேன். அடுத்த வாரம் எங்கள் ஜீப் தாராபுரம் பக்கம் போய்விட்டது.

மூணு வாரம் கழித்து ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு அவன் என் வீட்டு வாசலில் நின்றான். அப்போது நாங்கள் சிங்காநல்லூரில் வாடகைக்கு இருந்தோம். வீட்டில் அவன் தகரப் பெட்டியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்களாம். தறி முதலாளியும் கணக்கை முடித்துவிட்டார். என் விலாசம் கைப்பிரதியின் பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பில் இருந்தது, அதை வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு மறுநாள் காலையில் பரீட்சை வேலை. உன் அண்ணனுக்கு அப்போது ஒரு வயசு, காய்ச்சல். ரெண்டும் உண்மைதான். ஆனால் திண்ணை காலியாக இருந்தது, அதுவும் உண்மை. நான் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டும், ஒரு போதகர் பெயருக்கு ரெண்டு வரிக் கடிதமும் கொடுத்து, "போயிப் பாரு தம்பி, நான் ஜெபிச்சுக்கறேன்" என்றேன். "செரிங்கண்ணா" என்று சொல்லி, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். பெரியம்மா உள்ளேயிருந்து வந்து, "யாருங்க? சாப்பிட்டாரா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை அம்மிணி.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் ஜீப்பில் போனேன். மைக்கைப் பிடித்தால் தொண்டை கட்டிக்கொண்டது. முதுகு வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். உன் அப்பாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். இத்தனை வருஷமும் ஊழியத்துக்குப் பணம் கொடுத்தேன், யாருக்கும் வாயால் சொல்லவில்லை. நான் அதைத் தாழ்மை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது தாழ்மை இல்லை, பயம். சொன்னால் யாராவது நம்பிவிடுவார்களோ என்ற பயம். நம்பினவர்களுக்கு அப்புறம் என்னால் என்ன ஆகும்?

அந்தக் காலத்தில் சிலர், கடமை என்பது சொல்வதோடு முடிந்தது, மீதி ஆண்டவர் பாடு என்று தேற்றினார்கள். மத்தேயு 28-ஐ எடுத்துப் பார். அந்தக் கட்டளை போகச் சொல்வதில் தொடங்குகிறது, கடைசி வரைக்கும் கூடவே இருப்பேன் என்கிற வாக்கில் முடிகிறது. கன்வென்ஷன் பேனரில் நாம் எழுதுவது முன்பாதியை மட்டும்தான். அனுப்புகிறவரே கூட இருக்கிறேன் என்கிறபோது, போகிறவன் படம் முடிந்ததும் புரொஜெக்டரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் எப்படி?

கொல்லிமலைக்கு உன்னை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியாமலே போயிற்று. நான் 1990-களில் பள்ளிப் பிள்ளைகளோடு போனேன். காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு, பாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாச கங்கை எல்லாம் பார்த்துவிட்டு, வாழவந்தியில் ரெண்டு கல்லறை பார்க்கப் போனோம். ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி எவ்லின். ரோடே இல்லாத காலத்தில், 1913-ல், கல்யாணம் முடிந்த கையோடு கொட்டுகிற மழையில் மலை ஏறியவர்கள். வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்து பேர் வாங்கினாரே டாக்டர் பால் பிராண்ட், அவர் இவர்களுடைய மகன், 1914-ல் பிறந்தவர்.

ஜெஸ்ஸி முதலில் கட்டட வேலைக்காரர், கொஞ்சம் வைத்தியமும் படித்துக்கொண்டு வந்தவர். மலையாளிப் பழங்குடி சனங்களுக்குப் பல் பிடுங்கினார், காலில் நரம்புச் சிலந்தி வந்தவர்களுக்குப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் மெதுவாக வெளியே எடுத்தார். அறுந்தால் கால் அழுகிவிடும், அவ்வளவு பொறுமை வேண்டும். அப்புறம் யோசித்தார், படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் எடுக்கிற கிணறுதான் காரணம், கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினால் புழுவே வராது என்று. ஊர் ஊராகக் கட்டச் சொல்லிக்கொடுத்தார். வருஷக்கணக்கில் ஒரு ஆள்கூட கிறிஸ்தவராகவில்லை. அங்கிருந்த பூசாரிதான் பெரிய எதிர்ப்பு. 1918 வாக்கில் விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. சனங்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள், ஜெஸ்ஸியும் எவ்லினும் வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோனார்கள். அந்தப் பூசாரியும் அவர் சம்சாரமும் படுத்துவிட்டார்கள். சாகிற நேரத்தில் தன் பிள்ளைகளை இவர்கள் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார். கைக்குழந்தைக்கு ரூத் என்று பேர் வைத்து எவ்லின் வளர்த்தார்.

ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்தார். அப்போது மகன் லண்டனில், பள்ளிக்கூடத்தில். தந்தி முதலில் வந்தது. கப்பலில் வந்த அப்பாவின் கடிதங்கள் அதற்கப்புறமும் வந்துகொண்டிருந்தன. எவ்லின் மலையை விடவில்லை. கிட்டத்தட்ட எழுபது வயசில் மிஷன் ஓய்வு கொடுத்தபோது, அந்தச் சங்கத்தைவிட்டு விலகித் தனியாளாக மலையிலேயே இருந்தார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று மட்டக் குதிரையில் சுற்றினார், பிற்பாடு ரெண்டு கையிலும் மூங்கில் கம்பு ஊன்றி நடந்தார். 1974-ல், தொண்ணூற்றைந்து வயசில் இறந்தார். இப்போது ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில் இருக்கிறார். கல்லறையைச் சுற்றி மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரங்கள். எங்களோடு வந்த ஒரு பையன், "சார், எத்தனை பேரைக் கிறிஸ்தவராக்குனாங்க?" என்று கேட்டான். டைரி எழுதுகிற புத்தி எங்கிருந்துதான் பிள்ளைகளுக்கு வருகிறதோ.

இப்போது உனக்கு யாருக்கும் சொல்லாத ஒன்று. போன மாதம் திருப்பூர் போனேன். நம் சபைக்கு பனியன் துணி கொண்டுவருகிற ஒருத்தர் பேச்சுவாக்கில் ஒரு பெயரும் ஊரும் சொன்னார். எனக்குத் திக்கென்றது. விலாசம் வாங்கிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். காங்கேயம் ரோட்டில் ஒரு சந்து, தகரக் கூரை, நாலு ஓவர்லாக் மெஷின், தரையெல்லாம் கட்டிங் வேஸ்ட். அறுபது வயசு ஆள் ஒருத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். சொன்னேன், 1984, சிங்காநல்லூர், ஐம்பது ரூபாய் என்று.

"அட வாங்கண்ணா, உக்காருங்க" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு உட்கார முடியாமல் செய்தது. அன்றைக்கு ராத்திரி அவர் என் போதகர் நண்பரிடம் போகவே இல்லை. திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவரை ஒரு பாய் கூப்பிட்டுத் தன் கம்பெனியில் படுக்க வைத்து, சாப்பாடு போட்டு, கட்டிங் பழக்கினாராம். "ஞாயித்துக்கெழம உன் கோயிலுக்குப் போ, திங்கக்கெழம எட்டு மணிக்கு மெஷின்ல இருக்கோணும், அவ்வளவுதான்" என்பாராம். அந்த பாய் இறந்து பத்து வருஷமாகிறது. மெஷின் பக்கத்துச் சுவரில் அவர் போட்டோ, இந்தப் பக்கம் நம் திருமண்டலத்துக் காலண்டர்.

"நீங்க பேசுனது ஒண்ணும் இப்ப நெனப்பில்லீங், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "ஆனா ஆர்மோனியம் வாசிச்ச அண்ணன் ஒருத்தரு இருந்தாரல்லொ? படம் முடிஞ்சு நீங்கெல்லாம் வேட்டி மடிச்சுட்டு இருக்கைல, அவரு எங்க வளவுக்குள்ள வந்து கம்மஞ்சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. என்ர தறியப் பத்திக் கேட்டுட்டே இருந்தாரு. அவரு எப்பிடியிருக்காருங்க?" எனக்குத் தெரியவில்லை. அவர் பெயரே மறந்துவிட்டது.

டீ குடித்தோம். அப்புறம் அவர் கேட்டார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், நல்ல மார்க். சர்ட்டிபிகேட்டில் இந்து அருந்ததியர் என்றுதான் இருக்கிறது, அவர் வாய்க்காலில் முழுகினதை எந்த ஆபீசும் எழுதிவைக்கவில்லை. எஸ்.சி.யில் அருந்ததியருக்கென்று 2009-லிருந்து மூணு சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. இப்போது அந்தப் பிள்ளை, தானே விரும்பி, ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்கிறாள். எடுத்து, பதிவாகிவிட்டால் பி.சி. எஸ்.சி. பட்டியலுக்கான 1950 உத்தரவு இந்துவுக்கு மட்டும் என்றது, 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், நமக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. போன வருஷம் நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் இருந்துகொண்டு எஸ்.சி. சர்ட்டிபிகேட் கேட்கக்கூடாது என்றுவிட்டது. நான் பி.சி.யில் படித்தேன், என் பெரியம்மா மகன் எஸ்.சி.யில் படித்தான், ரெண்டு பேரும் ஒரே வளவு, ஒரே தேங்காய்த் தொட்டி. அதனால் எனக்கு இது புதுசில்லை.

"ஒரு வருசம் பொறுத்துக்க சாமின்னு புள்ளகிட்டச் சொல்லட்டுங்களாண்ணா? இல்ல, அது பொய்யிங்களா?" என்று கேட்டார்.

வாத்தியார், நாற்பது வருஷம், எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன். தெரியவில்லை தம்பி என்றேன். நீ போகிற ஊரில் சுவிசேஷம் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் கையில் எடுத்துக்கொண்டு போகிறாய். நம் வார்த்தையைக் கேட்கிறவன் வேலை, சர்ட்டிபிகேட், அப்பன் வீடு, சாவுக்கு வருகிற சொந்தம் எல்லாவற்றையும் பந்தயத்தில் வைக்கிறான். நமக்கு அப்படி என்ன போகிறது? பவுல் தன்னைக் கடனாளி என்று எழுதிக்கொண்டதை நான் இப்போதுதான் கொஞ்சம் புரிந்துகொள்கிறேன்.

உனக்கு வேலை சம்பந்தமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ நர்ஸ். ஊசி போட்ட கையோடு கைப்பிரதியை நீட்டாதே. படுக்கையில் இருக்கிறவன் உன்னை வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறான், அவனுக்கு உன் மருந்து வேண்டும். ஒடிசாவில் 1967-லிருந்தே மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, ஆசை காட்டியோ மிரட்டியோ மாற்றினால் தண்டனை. அரசியல் சாசனம் 25-ம் பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது, ஆனால் 1977-ல் சுப்ரீம் கோர்ட், பரப்புவது என்றால் எடுத்துச் சொல்வதுதான், இன்னொருத்தனை மாற்றுவது அந்த உரிமையில் சேராது என்றது. அந்தச் சட்டங்களை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்களையும் அலைக்கழிப்பது உண்டு, அது எனக்கும் கோபம்தான். ஆனாலும் ஆசை காட்டாதே என்பதைச் சட்டம் சொல்வதற்கு முன்னால் நாமே நமக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவன் குணமாகி, வீட்டுக்குப் போய், உன்னை ஒரு நாள் விருந்துக்குக் கூப்பிட்டு, நீ யார், ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்பான். அப்போது ஒளிக்காமல் சொல். இயேசுவின் பெயரைச் சொல்ல வெட்கப்படாதே. அவன் சாமியை ஒரு வார்த்தை குறைவாகப் பேசாதே. பக்கத்து வீட்டுக் கவுண்டரம்மா, பண்ணாரி மாரியம்மன் குண்டத்துக்கு வருஷம் தவறாமல் போகிறவர், என்னிடம் சொல்வார்: "வாத்தியாரே, உங்க சாமியப் பத்தி எவ்வளவு வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன். எங்காத்தாளத் திட்டுனா எந்திரிச்சுப் போயிருவேன்." நியாயம்தானே.

இன்னொரு சந்தோஷச் சமாச்சாரம். நீ போகிற ராயகடா ஆந்திர எல்லையில் இருக்கிறது, கடைத்தெருவில் தெலுங்கு ஓடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ததற்காக நீ எட்டாம் வகுப்பில் வீட்டில் பேசுவதையே நிறுத்தினாயே, அந்தத் தெலுங்கை மறுபடி எடு. ஆத்தாவிடம் தினம் அரை மணி நேரம் போனில் பேசு. மலையில் பேசுகிற குயி மொழி நமக்குத் தூரத்துச் சொந்தம்தான், கால்டுவெல்லே தன் ஒப்பிலக்கணத்தில் அதைத் திராவிடக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார். முதல் வருஷம் முழுக்க அதைக் கற்றுக்கொண்டு, நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிந்தால் போதும். எண்ணிக்கை கேட்டு யாராவது கடிதம் எழுதினால் எனக்கு அனுப்பு, நான் பதில் எழுதுகிறேன்.

பவானி ஜமுக்காளம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சிவப்பும் பச்சையும் பட்டை போட்டது. விரித்தால் ஆறு பேர் உட்காரலாம். கனமாக இருக்கிறது என்று சொல்லாதே. பெரியம்மா கம்பு மாவும் எள்ளுருண்டையும் தயார் செய்கிறாள், அதுவும் கனம்தான்.

தன்பாத் எக்ஸ்பிரஸ் மத்தியானம் என்றாயே, எந்தக் கிழமை டிக்கெட் என்று உடனே எழுது. சனிக்கிழமை என்றால் என்னைக் கோயம்புத்தூர் ஜங்ஷனில் தேடாதே. சனிக்கிழமைகளில் நான் திருப்பூரில் இருக்கிறேன், நாலு வாரமாக. அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன், அவர் கேட்டதற்கு ரெண்டு பேருமாக வக்கீல் ஒருத்தரிடமும், ஐயர் ஒருத்தரிடமும் போய்வந்தோம். இன்னும் முடிவு வரவில்லை. நான் திருப்பூர் ஸ்டேஷனில் ஏறி ஈரோடு வரைக்கும் உன்னோடு வருகிறேன். எந்தப் பெட்டி என்பதை மறக்காமல் எழுது, முழங்காலை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓட முடியாது.

உன்,
பெரியப்பா